மடியில் கனம்

மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் பயம் எதற்கு என்ற பழமொழியை நம்மவர்கள் எப்போது எடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். அநேகமாக யாரோ ஒருவர் இன்னொருவருடைய பையைத் திறந்து பார்க்க விரும்பும்போதுதான். வேலை முடிந்து போகும் தொழிலாளி ஆலை வாசலில் ஒரு கணம் தயங்கினால் போதும், பழமொழி வந்துவிடும். திருடாதவனுக்குச் சோதனையில் என்ன நஷ்டம் என்பது அதன் இன்றைய பொருள். இந்தப் பொருளில் ஒரு பெரிய புரட்டு நடந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பழமொழி பேசும் வழி, கள்ளர் பயம் உள்ள வழி. மடியில் இருக்கும் கனம் நடப்பவனுடைய சொந்தப் பணம். மாடு விற்றோ நெல் விற்றோ முடிந்து வைத்தது. பயப்படுகிறவன் நிரபராதி. அவன் பயம், மடியை அவிழ் என்று வழிமறிப்பவனைப் பற்றியது. இன்று அதே வாக்கியத்துக்குள் மடியை உடையவன் திருடனாகவும் வழிமறிப்பவன் நியாயஸ்தனாகவும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். சொல் ஒன்றுகூட மாறவில்லை.

கேள்வியை அதன் கடினமான வடிவத்திலேயே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். சோதிப்பவர் மரியாதையாகப் பேசுகிறார். பையில் இருந்தது எதுவும் உடையவில்லை, குறையவில்லை. எல்லோரையும் ஒன்றுபோலச் சோதிக்கிறார்கள். வேலையில் சேரும்போதே சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாயிற்று. பையிலும் திருட்டுப் பொருள் இல்லை. இத்தனையும் சரியாக இருந்த பிறகும் இதில் ஒரு தவறு எஞ்சுகிறதா? எஞ்சுகிறது என்பது என் கட்சி. அவமானம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அவமானம் ஓர் உணர்ச்சியின் பெயர், காரணம் ஆகாது. வருஷக்கணக்கில் பழகிப்போய் எந்த உணர்ச்சியும் இல்லாமல் பையை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் தவறே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? உணர்ச்சியை வைத்து அளந்தால், தோல் தடித்தவனுக்கு உரிமை குறைவு என்றாகிவிடும்.

பழக்கம் என்னவோ புதிதல்ல. அர்த்தசாஸ்திரத்தில் பொன் வேலைக்கூடத்து அதிகாரியைப் பற்றிய அத்தியாயத்தில், கல் பதிப்பவர், மணி செய்பவர், முலாம் பூசுபவர் தொடங்கி உலை ஊதுகிறவர், பெருக்குகிறவர் வரை எல்லோருடைய உடையும் கையும் மறைவிடமும் சோதிக்கப்பட்ட பிறகே உள்ளே போகவும் வெளியே வரவும் வேண்டும் என்று விதி இருக்கிறது. பெருக்குகிறவரையும் மறக்காத கௌடில்யரின் நுட்பத்தை மெச்சத்தான் வேண்டும். பொன் பட்டறையில் குப்பைக்கும் விலை உண்டு.

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் இந்தத் தர்க்கம் தன் முழு வளர்ச்சியை அடைந்தது. 1880களின் தொடக்கத்தில் சுரங்கத்தை விட்டு வெளியேறுகிறவர்களைச் சோதிக்கும் விதிகள் இறுக்கப்பட்டன. 1883லும் 1884லும் வெள்ளைத் தொழிலாளர்கள் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1884ல் துப்பாக்கிச் சூடு நடந்து சிலர் செத்தார்கள். பிறகு நடந்தது என்ன? வெள்ளையர்களை உடை களையச் சொல்வது கைவிடப்பட்டது. கறுப்புத் தொழிலாளர்களுக்கு 1885லிருந்து மூடிய கொட்டடிகள் வந்தன. ஒப்பந்த காலம் முடியும்வரை அவர்கள் வெளியே போக முடியாது. முடிந்த பிறகும் கடைசிச் சில நாட்கள் நிர்வாணமாகத் தனி அறையில் அடைத்து, பேதிக்குக் கொடுத்து, மலத்தைக்கூட ஆராய்ந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். வைரத்தை விழுங்கியிருக்கலாம் அல்லவா?

இதில் என்னை உறுத்துவது கொடுமையின் அளவு மட்டுமல்ல. வேலைநிறுத்தம் செய்த வெள்ளைத் தொழிலாளிகள் எதை எதிர்த்தார்கள் என்பதும்தான். சோதனையே தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. கறுப்பனை நடத்துவதுபோல எங்களை நடத்தாதே என்றார்கள். உயிரைக் கொடுத்து அவர்கள் வாங்கியது ஓர் உரிமை அல்ல, ஓர் அந்தஸ்து. சோதனை என்பது யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைத் தினமும் இரண்டு வேளை சொல்லிக்காட்டும் சடங்கு. திருட்டைப் பிடிப்பது அதன் இரண்டாவது காரியம். இன்றும் எந்த ஆலை வாசலிலும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். சைக்கிளில் வருகிறவன் இறங்குகிறான். கார் வந்தால் கதவு திறக்கிறது. ஆலைப் பொருளில் பெருந்தொகைக்குக் கைவைக்க வேண்டுமானால் தூக்குவாளியைவிடக் கார்தான் வசதி என்பது வாசலில் நிற்கிற காவல்காரருக்குத் தெரியாதா என்ன.

முதலாளியின் கட்சியையும் சொல்ல வேண்டும். திருட்டு நடக்கிறது. செம்புக் கம்பியை இடுப்பில் சுற்றிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை வர்க்கப் போராளிகளாக மாற்றிக் கவிதை எழுதும் அவசரம் எனக்கு இல்லை. இன்னொன்றும் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குவதற்கு முன் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று தொழிலாளியின் உடம்பைத் தடவிப் பார்க்கிறார்கள். அதே கை, அதே சட்டைப்பை. ஆனால் அங்கே சோதிக்கப்படுகிறவன் கூசுவதில்லை. சோதிக்காமல் விட்டால்தான் சண்டைக்கு வருவான். கீழே வாயு இருக்கிறது, ஒரு குச்சி உரசினால் அவனும் சேர்ந்து சாவான். ஆகவே தவறு தொடுவதில் இல்லை, பார்ப்பதிலும்கூட இல்லை. உள்ளே போகும்போது கேட்கப்படும் கேள்வி, சோதிக்கப்படுகிறவனே தன் பக்கத்தில் நிற்பவனைக் கேட்க விரும்பும் கேள்வி. வெளியே வரும்போது கேட்கப்படுவது அவனைப் பற்றிய கேள்வி. அதற்கு அவனிடம் பதில் கேட்பதும் இல்லை. பதிலைப் பையிடம் கேட்கிறார்கள்.

கோவைப் பக்கம் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் சில வருஷங்கள் வேலை பார்த்தேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பகுதி. செம்புக் கம்பி என்பதால் வாசலில் சோதனை கறாராக இருக்கும். ஷிப்ட் முடிந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்போம். மேஜைமீது பையைக் கவிழ்க்க வேண்டும். தொழிலாளியின் பையில் என்ன இருக்கும் என்று அறிய நேர்ந்தது அந்த மேஜையில்தான். காலித் தூக்குவாளி, மூடியைத் திறந்தால் மதியம் என்ன தின்றான் என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும். கருவாடா, வெறும் ஊறுகாயா, மற்றவர்களுக்குச் சொல்ல விரும்பாத இறைச்சியா என்பதும் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் தனியே போய் உட்கார்ந்து தின்றவனின் ஜாதியும் அந்த மேஜைமேல் திறந்துவிடும். காசநோய் மாத்திரை அட்டை. மகளுக்கு வந்த ஜாதகம். பெண்கள் வரிசையில் துணி, பஞ்சு. திருட்டுக் கம்பி என் கண்ணில் அங்கே பட்டது இரண்டோ மூன்றோ தடவைதான். மற்ற நாட்களில் எல்லாம் அந்த மேஜைக்கு வந்தது கம்பி அல்லாத மற்றவை.

என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவரின் பையிலிருந்து ஒரு நாள் அடகு ரசீது விழுந்தது. காவல்காரர் நல்ல மனிதர். பெரியவருக்குப் பக்கத்துத் தெரு. எடுத்துப் பார்த்துவிட்டு, 'என்னங்கண்ணா, தோடு மறுபடியும் கடைக்குப் போயிருச்சாட்ட இருக்குது' என்றார். கேலி இல்லை. நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ரசீதை வாங்கிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து பை கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். தூக்குவாளியை மட்டும் கையில் வெறுமனே ஆட்டிக்கொண்டு வருவார், மூடியைத் திறந்தபடியே.

இதில் என்ன நேர்ந்தது என்று வெகுநாள் யோசித்தேன். அந்த வரிசையில் நின்ற எல்லோர் வீட்டிலும் ஓர் அடகு ரசீது இருந்தது. எனக்கும் இருந்தது. ரகசியம் என்று அதில் ஒன்றும் இல்லை. அகத்திணைப் பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் வகுத்தது நினைவுக்கு வருகிறது. அகம் என்றால் ஊருக்குத் தெரியாதது என்று பொருள் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த அனுபவம்தான். ஆனால் இன்னாருடையது என்று ஒருவர்மேல் ஒட்டும் கணத்தில் அது வேறு ஜாதிப் பொருளாகிவிடுகிறது. மேஜையில் விழுந்த ரசீது இந்த ஒட்டுதலைச் செய்தது.

ஆனால் இதுவும் முழுப் பதில் அல்ல. அதே காவல்காரரும் அதே பெரியவரும் ஞாயிற்றுக்கிழமை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோட்டை வைத்துவிட்டேன் என்று பெரியவரே சொல்கிறார். அதே செய்தி, அதே இரண்டு பேர், அதே வருத்தம். அங்கே அது சினேகம். பெரியவர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார், மற்றவர் வாங்கியிருக்கிறார். வாசலில் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டபடியால் இனி டீக்கடையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கடினமான வடிவத்தில் கேள்வியை வைத்தபோது, பையிலிருந்து எதுவும் குறையவில்லை என்று ஒப்புக்கொண்டேன். பொருள் குறையவில்லைதான். குறைந்தது, தன்னைப் பற்றிச் சொல்வதும் சொல்லாமல் விடுவதுமான அவருடைய கைமுதல். ஒரு மனிதன் இன்னொருவனோடு உறவு வைத்துக்கொள்வதே இந்தக் கைமுதலை வைத்துத்தான். யாரிடம் எதை எப்போது எவ்வளவு சொல்வது என்பதில்தான் மனைவி, நண்பன், அறிமுகமானவன், அந்நியன் என்ற வித்தியாசங்கள் உண்டாகின்றன. சோதனை மேஜையில் எல்லோரும் ஒரே தூரத்தில் நிற்கிறார்கள். பழகித் தோல் தடித்தவனிடமிருந்தும் இது எடுக்கப்படுகிறது. அவன் வலியை உணரவில்லை என்பதால் எடுக்கப்படாமல் போய்விடாது.

சார்த்தரின் சாவித்துவாரக் காட்சி இங்கே பிரயோஜனப்படும் என்று தோன்றுகிறது. 1943ல் வந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில், பொறாமையில் சாவித்துவாரம் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவன் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திடுக்கிடுகிறான்; தான் பார்க்கப்படுவதை உணர்ந்து வெட்கப்படுகிறான். அங்கே வெட்கம் எட்டிப் பார்த்தவனுக்கு. ஆலை வாசலில் வெட்கம் திசை மாறி, பார்க்கப்பட்டவன்மேல் போய் விழுகிறது. ஏன்? வாசலில் பார்க்கிறவன் தனக்காகப் பார்க்கவில்லை. அவன் கண் கூலிக்கு அமர்த்தப்பட்டது. எட்டிப் பார்த்தோமே என்ற கூச்சம் அவனுக்கு வரவேண்டிய அவசியம் இல்லை, அது டியூட்டி. யாருக்காகப் பார்க்கிறானோ அந்த முதலாளி வாசலுக்கு வருவதில்லை. அடகு ரசீதை அவர் பார்க்கவும் இல்லை, பார்த்ததாக அறியவும் இல்லை. கண் ஓர் இடத்தில், நோக்கம் வேறு இடத்தில். வெட்கப்பட வேண்டியவன் எங்கும் இல்லாதபோது, மிச்சமிருக்கும் ஒரே ஆள் பையோடு நிற்பவன்தான். ஃபூக்கோவையும் இழுத்துவருவது இப்போது வழக்கம். அவருடைய சிறையில் பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். எங்கள் வாசலில் நன்றாகவே தெரிந்தான். பெயர் தெரியும், எங்களிடம் பீடி வாங்கிக் குடிப்பான், ஒப்பந்தக் கூலி எங்களைவிடக் குறைவு, வீட்டுக்குப் போகும்போது அவனையும் இன்னொருவன் சோதிப்பான்.

*

கையெழுத்துப் போட்டுச் சம்மதித்துத்தானே வந்தாய் என்ற வாதம் இருக்கிறது. 1946ஆம் ஆண்டுத் தொழில் நிலையாணைகள் சட்டத்தின் அட்டவணையில், நிலையாணைகளில் என்னென்ன விஷயங்கள் இடம்பெற வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. வேலை நேரம், ஷிப்ட், வருகை, லீவு ஆகியவற்றுக்குப் பிறகு ஆறாவதாக வருவது, குறிப்பிட்ட வாசல்கள் வழியாகவே உள்ளே வரவேண்டும் என்பதும் சோதனைக்கு உட்பட வேண்டிய கடப்பாடும். இரண்டும் ஒரே வரியில். எந்த வாசல் என்பதும் பையைத் திற என்பதும் சட்டத்தின் கண்ணில் ஒரே மாதிரி நிர்வாக ஏற்பாடுகள். 'கடப்பாடு' என்று எழுதிய பிறகு சம்மதம் என்ற பேச்சு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் பாகத்தில், கூலிக்கு வாங்குகிறவனும் விற்கிறவனும் சமமாகக் கைகுலுக்கும் சந்தையை விட்டு, வேலை இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று பலகை மாட்டிய வாசலுக்குள் நம்மை அழைத்துப் போகிறார். உள்ளே போவதைப் பற்றி நம்முடைய முற்போக்கு விமர்சகர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அதே வாசலில் வெளியே வரும்போது என்ன நடக்கிறது என்று எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கூலி கணக்கில் வரும். பை எந்தக் கணக்கிலும் வராது.

அமெரிக்காவில் இது நீதிமன்றக் கணக்கில் வந்தது. ஆனால் வந்தவர் தொழிலாளி அல்ல, மனநல மருத்துவர். கலிபோர்னியாவின் நாப்பா அரசு மருத்துவமனையில் 17 வருஷம் வேலை பார்த்த டாக்டர் மாக்னோ ஓர்ட்டேகா 1981ல் சில புகார்களின் பேரில் விடுப்பில் அனுப்பப்பட்டார். அவர் இல்லாத சமயம் அதிகாரிகள் அவருடைய அறைக்குள் புகுந்து மேஜை இழுப்பறைகளையும் அலமாரிகளையும் குடைந்தார்கள். அரசுச் சொத்தைப் பட்டியல் எடுக்கப் போனோம் என்றார்கள். பட்டியல் எதுவும் எடுக்கப்படவில்லை. அவர்கள் கைப்பற்றியவற்றில், முன்பு அங்கே பயிற்சியில் இருந்த ஒரு டாக்டர் அனுப்பியிருந்த காதலர் தின வாழ்த்து அட்டையும், ஒரு புகைப்படமும், ஒரு கவிதைப் புத்தகமும் இருந்தன. பின்னால் விசாரணையில் அவருக்காகச் சாட்சி சொன்ன அந்த டாக்டரின் நம்பகத்தன்மையைக் குலைக்க இவை பயன்பட்டன. கவிதைப் புத்தகம் என்பது ஒருவரை மடக்கும் சாட்சியப் பொருளாக ஆகக்கூடும் என்பதை இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதுகிற நாம் யோசித்ததே இல்லை. கவிதைக்குச் சமூகப் பயன் உண்டா என்று இத்தனை வருஷம் சண்டை போட்டோமே!

1987ல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. தன் மேஜையும் அலமாரியும் அந்தரங்கமானவை என்று எதிர்பார்க்க ஓர்ட்டேகாவுக்கு நியாயம் உண்டு. ஆனால் வேலை சம்பந்தமான சோதனைக்கு முதலாளியான அரசு வாரண்ட் வாங்கத் தேவையில்லை, நியாயமான முறையில் நடந்தால் போதும். வழக்கு கீழே திருப்பி அனுப்பப்பட்டு இழுத்தது. கடைசியில் ஜூரி ஓர்ட்டேகாவின் பக்கம் தீர்ப்பளித்து, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 1998ல் உறுதி செய்தபோது அறைக்குள் புகுந்து 17 வருஷம் ஆகியிருந்தது. இதுவும் அவர் அரசு ஊழியர் என்பதால் கிடைத்தது. அந்த அரசியல் சட்டத் திருத்தம் தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது.

நியாயமான எதிர்பார்ப்பு என்ற இந்த அளவுகோலில் ஒரு பொறி இருக்கிறது. எதிர்பார்ப்பை உண்டாக்குவதும் கலைப்பதும் யார் கையில்? தினமும் சோதிப்போம் என்று முதலாளி வாசலில் எழுதி ஒட்டிவிட்டால், சோதிக்கமாட்டார்கள் என்று எதிர்பார்க்க நியாயம் இல்லாமல் போகிறது. எதிர்பார்ப்பு போனால் உரிமையும் போகிறது. ஒரு தவறை அறிவித்துவிட்டு ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்தால் அது தவறாக இல்லாமல் ஆகிவிடும் என்பதுதான் இதன் சாரம். 1984ல் டெக்ஸாஸ் நீதிமன்றம் ஒன்று கேமார்ட் கடையின் பெண் ஊழியர் ஒருவரின் லாக்கர் விஷயத்தில் வேறொரு விதமாகப் பார்த்தது. லாக்கர் கடையுடையது, ஆனால் அவர் கடையின் அனுமதியோடு சொந்தப் பூட்டை வாங்கிப் போட்டிருந்தார். ஆகவே அந்தரங்கம் உண்டு என்றது. நல்லதுதான். அப்படியானால் உரிமை பூட்டின் விலையில் இருக்கிறதா? மேஜை இழுப்பறை உள்ள டாக்டருக்கு ஒரு அளவு, பூட்டு வாங்கியவருக்கு ஒரு அளவு, மஞ்சள் பையோடு வருகிறவருக்கு வாய்க்கட்டு நூலின் அளவு.

இந்தப் பொறியிலிருந்து வெளியே வரும் ஒரு வழியை நான் கண்டது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பார்புலெஸ்கு தீர்ப்பில். ருமேனியாவில் ஓர் எஞ்சினியர் கம்பெனியின் செய்திக் கணக்கில் தன் சகோதரனோடும் மணக்கவிருந்த பெண்ணோடும் பேசியதைக் கம்பெனி படித்து, அச்செடுத்து, அவரை வேலையை விட்டு நீக்கியது. சொந்தப் பேச்சுக்குப் பயன்படுத்தாதே என்று விதி முன்பே இருந்தது. இருந்தும், முதலாளி என்ன உத்தரவு போட்டாலும் வேலையிடத்தில் ஒருவருடைய அந்தரங்க வாழ்க்கையை ஒன்றுமில்லாததாக ஆக்கிவிட முடியாது என்று 2017 செப்டம்பர் 5ஆம் தேதி பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அதற்குச் சரியாக 12 நாட்களுக்கு முன்னால்தான், ஆகஸ்ட் 24ஆம் தேதி, நம்முடைய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அது அரசை நோக்கிச் சொன்னது. 2023 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்த மாதிரி உரிமைகளை அரசு அல்லாதவர்களிடமும் வலியுறுத்தலாம் என்று ஐவரில் நால்வர் சொல்லியிருக்கிறார்கள். ஆலை வாசல்வரை அது நடந்து வர நாளாகும்.

நீதிமன்றங்களுக்குச் சுலபமாகப் பிடிபடுவது நேரம்தான். அமேசான் கிடங்குகளில் வேலை முடிந்து சோதனைக்காகச் சுமார் 25 நிமிஷம் நிற்க வேண்டியிருக்கிறது, அதற்குக் கூலி வேண்டும் என்று தொடுத்த வழக்கில், அது வேலையில் சேராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014ல் ஏகமனதாகச் சொன்னது. 2020ல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், தன் மாநிலச் சட்டப்படி ஆப்பிள் கடை ஊழியர்கள் பையைக் காட்டக் காத்திருக்கும் நேரம் கூலிக்குரிய நேரம் என்றது. பை கொண்டுவருவது ஊழியரின் சௌகரியம், கொண்டுவராமல் இருக்கலாமே, ஐபோனையும் வீட்டில் வைத்துவிட்டு வரலாமே என்றது ஆப்பிள். ஊருக்கெல்லாம் வாழ்க்கையின் பிரிக்க முடியாத பகுதி என்று நீங்களே சொல்லும் பொருள், உங்கள் ஊழியருக்கு மட்டும் தேவையற்றதா என்று நீதிமன்றம் சுட்டியது ரசிக்கத்தக்கது. ஆனால் கிடைத்தது நிமிஷங்களுக்கான கூலி. பார்த்ததற்கு என்ன விலை என்ற கேள்வியை நிற்க வைத்த நேரத்துக்கு என்ன விலை என்று மாற்றினால்தான் சட்டத்தால் கணக்குப் போட முடிகிறது. எங்கள் பெரியவரை வாசலில் நிற்க வைத்தது ஒரு நிமிஷம்கூட இராது.

இப்போது பல ஆலைகளில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் தனியே ஒதுங்கிச் சோதனைக்கு நிற்க வேண்டும். யாரையும் குறிப்பிட்டுச் சந்தேகப்படவில்லை, அதிர்ஷ்டம்தான் தீர்மானிக்கிறது, ஆகவே யாருக்கும் குறையில்லை என்கிறார்கள். எனக்கு இது பழைய முறையைவிட மோசமாகப் படுகிறது. சந்தேகம் என்பது ஒரு மனிதன் இன்னொருவன்மேல் கொள்வது. அதற்குக் காரணம் கேட்கலாம், கோபப்படலாம், நிரபராதி என்று தெரிந்த பிறகு மன்னிப்பும் எதிர்பார்க்கலாம். விளக்கிடம் எதைக் கேட்பது? சந்தேகப்பட்டவன் இல்லாமலே சந்தேகத்தின் பலன்கள் எல்லாம் நடந்துவிடுகின்றன. கார்களுக்கு இந்தப் பொத்தான் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

சோதனை எப்போதும் திருட்டைத்தான் தேடுகிறது என்பதும் சரியில்லை. 2014 டிசம்பரில் கொச்சி காக்கநாட்டுச் சிறப்புப் பொருளாதார மண்டலத்து ஆலை ஒன்றில், கழிவறையில் பயன்படுத்திய நாப்கின் கிடந்தது என்பதற்காகப் பெண் தொழிலாளர்களின் உடையைக் களையச் செய்து சோதித்ததாகப் புகார் எழுந்தது. அந்த நிர்வாகத்துக்கு நாப்கின்களைத் தபாலில் அனுப்பிச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். புகார் சொல்வதுபோல் நடந்திருந்தால், அங்கே காணாமல் போன சரக்கு எதுவும் இல்லை. தேடப்பட்டது, அன்று யாருக்கு மாதவிலக்கு என்ற செய்தி. ஆலைப் பொருளைக் காப்பாற்றுவதற்காக வாசலில் தொடங்கிய பார்வை உள்ளே நடந்து கழிவறைவரை போனதில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. கூலி கொடுக்கும் நேரத்துக்குள் இருக்கும் உடம்பும் கணக்கில் வரும் பொருள் என்று நினைத்துவிட்டால், அடுத்த அடி தானாக விழும்.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்ன பொருள் காணவில்லை, இன்ன காரணத்தால் உன்மேல் சந்தேகம் என்று ஒருவனிடம் முகத்துக்கு நேரே சொல்லி, அவன் நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதிக்கலாம். பெண்ணைப் பெண்ணும், மறைவிடத்திலும் சோதிக்கலாம். தூக்குவாளிக்கு என்ன விதியோ அதுவே கார் டிக்கிக்கும் என்றால் விதிகளின் எண்ணிக்கை தானாகக் குறையும் என்று நம்புகிறேன். பையை உடையவனே தன் கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட வேண்டுமே தவிர, கவிழ்த்துக் கொட்டக் கூடாது. ரசீதை மடித்தபடியே ஓரமாக வைத்துவிட்டுக் கம்பி இல்லை என்று காட்ட அவனுக்குத் தெரியும். தேடுவது கம்பியைத்தான் என்றால் அதுவே போதும்.

நிலையாணைகளைச் சான்றளிக்கும் அதிகாரி முன்னால் தொழிலாளர் தரப்பு ஆட்சேபணை சொல்லப் பழைய சட்டத்தில் இடம் இருந்தது. இந்த ஆறாவது விஷயத்தின்மேல் இதையெல்லாம் எழுதிச் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. அதன் அட்டவணையிலும் வாசல், சோதனைக் கடப்பாடு என்ற வரி அப்படியே இருக்கிறது. மாறியது எண்ணிக்கை. மத்தியச் சட்டத்தில் 100 பேர் இருந்தாலே நிலையாணை வேண்டும் என்றிருந்தது. இப்போது 300 பேர். அதற்குக் கீழே உள்ள பட்டறைகளிலும் கடைகளிலும் பையைத் திறக்கச் சொல்வது நின்றுவிடப் போவதில்லை. எந்த விதிப்படி என்று அங்கே யாராவது கேட்டால், காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.